தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குறும்படம்: கேமராவுக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை

கேள்வியின் சுருக்கம் இது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாமாண்டு மாணவர்கள் ஐந்து பேர், பாடத்துக்காக 8 நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டும். கையில் நான்கு வாரம், 5000 ரூபாய், ஓரளவு நல்ல ஃபோன் ஒன்று. கதையில் சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டும் அப்பா, காலேஜில் சேர்ந்த மகள், கட்ட முடியாத ஃபீஸ். எழுதி வைத்திருக்கும் இடங்கள்: தறிகுடோன் (தறிகள் ஓடும் கொட்டகை), ஓட்டு வீடு, பொள்ளாச்சி மாட்டுச்சந்தை, கோவை ஜங்ஷன், கடைசியில் காற்றாலைகளுக்கு மேலே ஒரு ட்ரோன் ஷாட். ஆடி மாதத்தில் ஷூட்டிங். கேட்டிருப்பது: "எந்தக் கேமராவை வாடகைக்கு எடுக்கலாம்?"

எந்தக் கேமராவும் வேண்டாம். அந்தக் காசில் மைக் வாங்குங்கள். கொஞ்சம் மங்கலான படத்தை மதிப்பெண் போடுகிறவர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியவில்லை என்றால் இரண்டாவது நிமிடத்திலேயே மனசு விட்டுவிடும். கொங்கு நாட்டில் காது கொடுத்துக் கேட்கவே முடியாத இடங்கள் எவையோ அவற்றையே பார்த்துப் பொறுக்கி எழுதியிருக்கிறீர்கள்: தறி, சந்தை, ரயில் நிலையம், ஆடிக்காற்று. ஆகவே படத்தைச் சத்தத்திலிருந்து திட்டமிடத் தொடங்குங்கள்.

முதல் வேலை கதையை வெட்டுவது. ஸ்க்ரிப்டை ஐந்து பேரும் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் ஃபோனில் ஸ்டாப்வாட்ச் ஓட்டட்டும். நடப்பது, கதவு திறப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாவற்றுக்கும் நேரம் கொடுத்துப் படிக்க வேண்டும். 'ஒரு பக்கம் ஒரு நிமிடம்' என்பது ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்குச் சொல்லும் கணக்கு. தமிழில் நாம் டைப் செய்யும் பக்கத்துக்கு அது பொருந்தாது. 8 நிமிடம் என்று நினைத்தது படிக்கும்போது பெரும்பாலும் 11, 12 நிமிடம் வரும். அதை 5 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். துறை விதியில் குறைந்தபட்ச நேரம் இருந்தால் அதுவரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பொள்ளாச்சி மாட்டுச்சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். லாரியும் கூட்டமுமாக இருக்கும் அந்த இடத்தில் உங்களுக்காக யாரும் இரண்டாவது டேக் நிற்கமாட்டார்கள். கேமராவைத் தூக்கினால் பத்துப் பேர் லென்ஸையே பார்ப்பார்கள். தவிர, மாட்டை நடிக்க வைத்தால் விலங்குநல வாரியத்தின் அனுமதி என்ற தனிக்கதை இருக்கிறது. மாடு விற்றாயிற்று என்பதுதானே சேதி? காலையில் மகள் எழுந்து வருகிறாள், கட்டுத்தறி காலியாகக் கிடக்கிறது, அவிழ்த்த கயிறு முளையிலேயே தொங்குகிறது, தீவனத் தொட்டியில் நேற்றுப் போட்ட சோளத்தட்டு மிச்சம் இருக்கிறது. மூன்று ஷாட், ஒரு மணி நேர வேலை. சந்தையை நேரில் காட்டுவதைவிட இதுதான் வலிக்கும்.

ஜங்ஷனையும் விட்டுவிடுங்கள். ரயில் நிலையத்தில் படம் எடுக்க ரயில்வேயின் முன் அனுமதி வேண்டும். காலேஜ் கடிதத்தைக் காட்டி சமாளிக்க முடியாது. 'சின்ன ஸ்டேஷனில் எடுத்துக்கொள்கிறோம்' என்று பொள்ளாச்சிக்குப் போனாலும் அனுமதி வேண்டும்தான். கோவை சேலம் கோட்டத்தில் வருகிறது, பொள்ளாச்சி பாலக்காடு கோட்டத்தில். ஆகவே அலுவலகமும் மாறும். ஊர் பஸ் நிறுத்தம் போதும். டவுன் பஸ் வரும் நேரத்தை முந்தின நாளே குறித்துக்கொண்டு, வசனத்தையெல்லாம் பஸ் வருவதற்கு முன்பே எடுத்து முடித்துவிட்டு, பஸ் வந்ததும் மகள் ஏறுவதை மட்டும் ஒரே டேக்கில் எடுங்கள். தவறினால் அடுத்த பஸ்.

ட்ரோன்: சோமனூருக்குப் பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளம், அந்தப் பக்கம் பீளமேடு விமான நிலையம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள் மண்டலங்களைப் பார்க்காமல் அங்கே எதையும் பறக்கவிடக் கூடாது. கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் 'ஒன்றும் ஆகாது' என்று சொன்னாலும் சரி. இந்தக் கதைக்கு அந்த ஷாட் ஒன்றும் சேர்க்கப்போவதில்லை.

மிஞ்சுவது குடோன், வீடு, பஸ் நிறுத்தம். இதில் குடோன்தான் படத்தின் உயிர், சிக்கலும் அங்கேதான்.

தறி ஓடும்போது உள்ளே வசனம் பதிவு செய்ய நினைக்காதீர்கள். எந்த மைக்காலும் முடியாது. எடிட்டிங்கில் இரைச்சல் நீக்கும் கருவியைப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும். 'கொஞ்ச நேரம் தறியை நிறுத்துங்கண்ணா' என்று கேட்பதும் சரியில்லை. ஓடுகிற அளவுக்குத்தான் கூலி. நீங்கள் கேட்கும் அரைமணி நேரம் அவர் கையிலிருந்து போகும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். தறி ஓடும்போது வாய் அசைவில்லாத ஷாட்கள் மட்டும்: நாடா (ஊடை நூலைச் சுமந்து இரு பக்கமும் ஓடும் கட்டை) போய்வருவது, அறுந்த இழையை விரல் முடிவது, தறிகளுக்கு நடுவே அப்பா நடப்பது. வசனக் காட்சிகளைத் தறி தானாக நிற்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட நேரங்கள் உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பற்றி முந்தின நாள் பேப்பரில் ஊர்ப் பெயர்களோடு அறிவிப்பு வரும். பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும். அன்றைக்குத் தறி ஊர் முழுக்க அமைதியாக இருக்கும். மற்ற நாளில் பக்கத்துக் குடோன் சத்தத்தைத் தடுக்கவே முடியாது என்பதால் இந்த ஒரு நாள் உங்களுக்குப் பொன் மாதிரி. ஒரு நிபந்தனை: பேட்டரி, ஃபோன், பவர்பேங்க் எல்லாம் முந்தின இரவே முழுக்க ஏறியிருக்க வேண்டும். இன்னொரு நேரம், பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீர்ந்து புதுப் பாவு பிணைக்கும் நேரம். அந்த ஒரு தறி சில மணி நேரம் நிற்கும். மற்றவை ஓடும் என்பதால் வசனத்துக்கு உதவாது. ஆனால் இழை இழையாகப் பிணைக்கும் விரல்களுக்கு இதைவிட நல்ல க்ளோசப் இந்தத் தொழிலில் கிடையாது. ஓனரிடம் முன்பே சொல்லிவைத்தால் அடுத்த பாவு எப்போது தீரும் என்று சொல்வார்.

மின்தடை நாளில் குடோனுக்குள் வசனம் எடுக்கும்போது மூன்று விஷயம். ஒன்று, நின்றுபோன தறி ஃப்ரேமில் தெரியக் கூடாது. நூல் பீமும் துணிச் சுருளும் அடுக்கிய சுவரோரமாக ஆட்களை நிறுத்துங்கள். இரண்டு, அமைதியான இடத்தில் நடிகர்கள் தானாகவே மெதுவாகப் பேசுவார்கள். பிறகு அதன் கீழே தறிச் சத்தத்தைச் சேர்த்தால் பொய் என்று உடனே தெரிந்துவிடும். தறிக்காரர் தறிக்குப் பக்கத்தில் கத்தித்தான் பேசுவார், காதோரம் குனிந்து பேசுவார், பாதியைக் கையால் சொல்வார். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் நடிகர்களுக்கு ஹெட்ஃபோனில் தறிச் சத்தத்தை ஒரு நிமிடம் போட்டுக் காட்டி, கழற்றிவிட்டு, அதே குரலில் பேசச் சொல்லுங்கள். மூன்று, வேறொரு நாள் தறிச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்: தறிக்குப் பக்கத்தில், குடோன் வாசலில், எதிர் வீதியிலிருந்து, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். வீட்டுக் காட்சிகளுக்கு அடியில் அந்தத் தூரத்துச் சத்தம் மெல்லியதாக ஓடினால் ஷாட்டுக்கு ஷாட் ஒலி மாறுவது மறைந்துபோகும். அப்பா சாப்பிடும்போதும் வேலை விடவில்லை என்பதும் சொல்லாமலே புரியும்.

பாதுகாப்பு. நாடா சில சமயம் தெறித்து வெளியே பறக்கும். தறியின் இரண்டு பக்கவாட்டிலும், நாடா வந்து முட்டும் திசைக்கு நேராக, யாரும் நிற்கக் கூடாது, ட்ரைபாடும் வைக்கக் கூடாது. துப்பட்டா, அவிழ்ந்த முடி, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, ஹெட்ஃபோன் ஒயர் எதுவும் தறியின் பெல்ட் ஓடும் பக்கம் போகக் கூடாது. பஞ்சுத் தூசு லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும். சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். ஊதிவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

குடோன் வெளிச்சத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் ஒரு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஃபோனின் ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் கரும்பட்டைகள் மேலும் கீழும் நகரும். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று பூட்டிவிடுங்கள். ஃபோனோடு வரும் கேமராவில் 25 இல்லையென்றால் (ஐஃபோனில் செட்டிங்கில் பால் (PAL) ஃபார்மேட் என்று ஒன்றைத் திறக்க வேண்டும்) பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம். மலிவான எல்இடி பல்பு சில எதற்கும் அடங்காது. அதை அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். இதையெல்லாம் லொக்கேஷன் பார்க்கப் போகும் நாளிலேயே பத்து நொடி எடுத்துச் சரிபார்த்துவிட வேண்டும்.

மற்ற செட்டிங்: 1080 போதும். வைட் பேலன்ஸை (நிறச் சமநிலை) வெளியில் 5600 கெல்வினில் பூட்டவும். ஃபோகஸும் எக்ஸ்போஷரும் லாக். மெயின் லென்ஸ் மட்டும், விரல் வைத்து ஜூம் கூடாது. கிட்டே வேண்டுமானால் கிட்டே போங்கள். வெயிலில் 1/50 வைத்தால் எல்லாம் வெளுத்துவிடும். ஃபோனுக்கு அபெர்ச்சர் மாறாது என்பதால் கிளிப் மாட்டும் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) இருந்தால் நல்லது, இல்லையென்றால் வெளியில் மட்டும் ஷட்டரைக் கூட்டிக்கொள்ளலாம். ஏரோப்ளேன் மோடு கட்டாயம். நடு டேக்கில் அம்மாவின் ஃபோன் வந்தால் ரெக்கார்டிங் நின்றுபோகும்.

ஓட்டு வீட்டுக்குள் பகலிலும் இருட்டு, வாசலில் சுட்டெரிக்கும் வெயில். ஃபோனால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. வாசலைப் பார்த்து எடுக்காமல், வாசலுக்கு முதுகு காட்டிக் கேமராவை வைத்து, ஆளை வாசலிலிருந்து நான்கைந்து அடி உள்ளே உட்கார வையுங்கள். வெளிச்சம் அவர் முகத்தில் விழும், பின்னால் இருட்டு தானாக வரும். கண்ணாடி ஓடு இருந்தால் அதன் கீழே விழும் வெளிச்சக்கட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். 20 நிமிடத்தில் இடம் மாறி ஷாட் ஒட்டாது. அதற்கு வெளியிலிருந்து பட்டர் பேப்பர் ஒட்டிவிடுங்கள். முகத்தின் இருட்டுப் பக்கத்துக்கு ஒரு மீட்டர் நீளத் தெர்மாகோல் போதும். தென்னந்தோப்பில் எடுத்தால் ஓலை இடுக்கு வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும். தலைக்கு மேல் இரண்டு பேர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் தீர்ந்தது. ஆனால் நடிகர் கட்டும் வேட்டி மட்டும் பளிச்சென்ற வெள்ளையாக இருக்கக் கூடாது. வெயிலில் அது மடிப்பே தெரியாத வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். டீத்தூள் கொதிக்கவைத்து வடித்த தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்து உலர்த்துங்கள். கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிவது கேமராவில் வெள்ளையாகவே தெரியும், மடிப்பும் நிற்கும். தறிக்காரர் வேட்டிக்கும் அதுதான் பொருத்தம்.

இப்போது ஆடிக்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி மேல் வீசும் மாதங்கள் இவை. காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமும் அதுதான். அம்மியே பறக்கும் என்கிற காற்றில் மைக் என்ன செய்யும்? மைக்கோடு வரும் ஸ்பாஞ்ச் தாங்காது. 'டெட் கேட்' என்று கடைகளில் விற்கும் முடி வைத்த உறை வாங்குங்கள். வெளி வசனங்களைக் காலை 6 முதல் 8 மணிக்குள் எடுங்கள், பகல் ஏற ஏறக் காற்று கூடும். சுவரோரம், வைக்கோல்போர் மறைவு என்று காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஆட்களை நிறுத்துங்கள்.

மைக்குக்கு ஆயிரம் ரூபாய்க்குள் ஒயர் உள்ள காலர் மைக் ஒன்று, இன்னொருவரின் ஃபோன் அதற்கு ரெக்கார்டர். மைக்கைச் சட்டைக்கு உள்ளே, கழுத்துக் குழிக்குச் சற்றுக் கீழே, மெடிக்கலில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பால் ஒட்டுங்கள். ஒயரை அதன் கீழே ஒரு சுற்று வளைத்து இன்னொரு டேப் போட்டால் இழுபடும் சத்தம் வராது. பருத்திச் சட்டை நல்லது. பாலியெஸ்டரும் பட்டும் கஞ்சி போட்ட துணியும் சரசரக்கும். ஒலி அளவு மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும், ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணையுங்கள். ஒவ்வொரு டேக்கிலும் கேமரா முன் ஒரு முறை கை தட்டி, சீன் எண்ணும் டேக் எண்ணும் சொல்லுங்கள். பிறகு படத்தையும் ஒலியையும் சேர்க்க அந்தத் தட்டுதான் ஆதாரம். ஒவ்வொரு இடத்திலும் கிளம்புமுன் எல்லாரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். இதைத்தான் எல்லாக் குழுவும் மறக்கும்.

வசனம் பற்றி. கொங்குத் தமிழ் எழுதுகிறோம் என்று வரிக்கு வரி 'ஏனுங்கோ' போடுவது சினிமாவிலிருந்து வந்த பழக்கம். இந்தப் பக்கத்து வீடுகளில் மரியாதை ஓசையில்லாமல் உள்ளே இருக்கும். அப்பா மகளைக் கேட்பார்: "சாப்புட்டியா கண்ணு?" மகள், "இல்லீங்ப்பா, நீங்க வரட்டும்னு இருந்தேன்" என்பாள். அவ்வளவுதான். உங்கள் ஸ்க்ரிப்டில் நாலாவது சீனில் அப்பா "எங்க கஷ்டத்தப் பாத்தாவது நீ நல்லாப் படிக்கோணும், இந்தத் தறி என்னோட போகட்டும்" என்று ஆறு வரி பேசுகிறார். அதை அடித்துவிடுங்கள். சனிக்கிழமைக் கூலியை எண்ணி, மளிகைக் கடனுக்கு ஒரு பங்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஃபீஸ் சலானுக்குள் வைத்து மடிக்கிறார். போதவில்லை என்று மகளுக்குத் தெரியும். "அடுத்த வாரம் பார்ப்போம் சாமி" என்கிறார். எடுக்கவும் சுலபம், ஒலிச் சிக்கலும் இல்லை. நடிகர் வேண்டுமானால் நாடகக்காரரைத் தேடாதீர்கள். உண்மையான தறிக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டால் அவரே போதும், கை வேலை பொய்யாக இருக்காது. அவரிடம் வசனத்தைத் தாளில் கொடுக்காமல், சேதியைச் சொல்லி அவர் வார்த்தையில் பேசவிடுங்கள். படம் வெளியே காட்டப்படும் என்று சொல்லி ஒப்புதல் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். மகளாக நடிப்பவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து.

நாள் கணக்கு. முதல் வாரம் ஸ்க்ரிப்ட், லொக்கேஷன், துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம். இரண்டாம் வாரம் ஷாட் பட்டியல், ஒத்திகை. மூன்றாம் வாரம் ஷூட்டிங். நான்காம் வாரம் எடிட்டிங். ஐந்து நிமிடப் படத்துக்கு 45 ஷாட் வைத்துக்கொண்டால், பழகாத குழு ஒரு நாளில் 15 ஷாட்டுக்கு மேல் ஒழுங்காக எடுக்காது. ஆகவே மூன்று நாள், அதில் ஒன்று மின்தடை நாள். அந்தத் தேதி வெகு முன்பே தெரியாது என்பதால் மூன்றாம் வாரத்தில் எந்த நாளும் கிளம்பத் தயாராக இருங்கள். அறிவிப்பே வராவிட்டால் வார விடுமுறை நாளை ஓனரிடம் கேளுங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் நடிப்பு தொடங்க ஐந்து நொடி முன்பே ஓடவிட்டு, முடிந்து ஐந்து நொடி கழித்து நிறுத்துங்கள். இருவர் பேசும் காட்சியில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மனசில் ஒரு கோடு போட்டு, கேமரா அந்தக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதாகத் தெரியும்.

காசு: எட்டுப் பேருக்கு மூன்று நாள் சாப்பாடும் டீயும், தலைக்கு நாளொன்றுக்கு 120 என்று 2880. பெட்ரோல் 600. தெர்மாகோல், டேப், பட்டர் பேப்பர், உறை 500. மைக் 900. மொத்தம் 4880. சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு மணிக்குப் பசியோடு நிற்கும் குழு சண்டை போடும்.

1080-இல் ஒரு மணி நேரம் எடுத்தால் ஏறக்குறைய 9 ஜிபி. தினமும் இரவு இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகுதான் ஃபோனில் அழிக்க வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்பிச் சேகரிக்காதீர்கள், தரம் போய்விடும். ஃபோன் வீடியோவில் ஃப்ரேம் ரேட் கூடிக் குறையும். அதனால் நீண்ட ஷாட்டில் உதடும் குரலும் விலகும். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு 25-க்கு நிலையாக மாற்றிக்கொள்ளுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இந்தப் படத்துக்குத் தாராளம். வரிசை முக்கியம்: முதலில் வெட்டி முடியுங்கள், பிறகு ஒலி, கடைசியில் கலர். பாதி வெட்டிய படத்துக்குக் கலர் பண்ண உட்கார்ந்தால் நான்காம் வாரம் அதிலேயே போகும். சினிமாப் பாட்டு எதையும் போடாதீர்கள். யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைக் கோரிக்கை வரும். தறிச் சத்தமே நல்ல தாளம்.

டைட்டில் போடும்போது தமிழ் எழுத்து உடையும். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் 'கொங்கு' என்று அடித்தால் கொம்பு க-வுக்குப் பின்னால் தனியாகப் போய் நிற்கும். பிரிஃபரன்ஸில் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால் சரியாகும். அதற்கும் அடங்காவிட்டால் வேறு மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக உள்ளே கொண்டுவாருங்கள். நன்றிப் பட்டியலில் குடோன் ஓனர் பெயர் சரியாக இருக்கிறதா என்று அவரிடமே காட்டிவிடுங்கள்.

முடிந்த படத்தை எச் 264 என்ற வீடியோ வடிவத்தில், 1080, 25 ஃப்ரேமில் எடுத்து, திரையிடுவதற்கு முந்தின நாள் செமினார் ஹாலிலேயே ஓட்டிப் பாருங்கள். அங்கே புரொஜெக்டர் வெளுத்திருக்கும், ஓட்டு வீட்டுக் காட்சி கறுப்பாகவே தெரியும். லேப்டாப்பில் பார்த்ததைவிட அரைப் படி வெளிச்சம் கூட்ட வேண்டியிருக்கும். ஸ்பீக்கரில் வசனம் கடைசி வரிசையில் கேட்கிறதா என்று ஒருவர் அங்கேயே உட்கார்ந்து சொல்லட்டும். பென்டிரைவ் எஃப்ஏடி 32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பென்டிரைவில் இரண்டு பேர் கையில் வைத்திருங்கள்.